வீட்டில் பலகைக் கற்களை வெட்டுதல்: கருவியைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

முற்றத்திலோ தோட்டத்து நடைபாதையிலோ பலகைக் கல் பதிக்கத் தீர்மானித்தவர்கள் பெரும்பாலும் முதலில் இயந்திரத்துக்குத்தான் விலை விசாரிக்கிறார்கள். உண்மையில் அது கடைசியாகத் தீர்மானிக்க வேண்டிய பொருள். எத்தனை வெட்டு, எவ்வளவு தடிமன், எந்தக் கல், எழும் தூசியை என்ன செய்யப் போகிறோம் என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிட்டால், எந்தக் கருவி வேண்டும் என்பது ஏறத்தாழத் தானாகவே தெரிந்துவிடும். இந்த வழிகாட்டியும் அந்த வரிசையிலேயே செல்கிறது.

முதலில் வெட்டுகளை எண்ணுங்கள்

பதிக்கும் இடத்தை அளந்து, கல்லின் அளவையும் கற்களுக்கு இடையே விடும் சந்தையும் சேர்த்துக் காகிதத்தில் வரையுங்கள். 600 மி.மீ. சதுரக் கல், 10 மி.மீ. சந்து என்று வைத்துக்கொண்டால், 3 மீட்டர் அகலத்தில் நான்கு கற்களும் அவற்றின் சந்துகளும் 2,440 மி.மீ. பிடிக்கும், மீதி 560 மி.மீ. ஆகையால் ஒவ்வொரு வரிசையிலும் ஐந்தாவது கல்லிலிருந்து 40 மி.மீ. சீவி எடுக்க வேண்டிவரும். பாதையின் அகலத்தை 3,040 மி.மீ. ஆக்க இடம் இருந்தால் அந்த வெட்டுகள் ஒன்றுகூட வேண்டியதில்லை. வரைபடத்தில் அரை மணி நேரம் செலவழிப்பது, தூசியிலும் இரைச்சலிலும் ஒரு முழு நாளை மிச்சப்படுத்தக்கூடும். மேலும், ஓரத்திலிருந்து மெல்லிய கீற்றை வெட்டி எடுப்பது நடுவில் இரண்டாக வெட்டுவதைவிடக் கடினம். கீற்று பாதியில் முறிந்து, நல்ல பக்கத்தின் விளிம்பையும் பெயர்த்துக்கொண்டு போகும்.

வெட்ட வேண்டிய கற்களின் எண்ணிக்கையோடு வெட்டின் மொத்த நீளத்தையும், அவற்றின் வகையையும் குறித்துக்கொள்ளுங்கள். நேர் வெட்டு எத்தனை, மூலையைக் கழித்தெடுக்கும் வெட்டு எத்தனை, வளைவு உண்டா, குழாய்க்குத் துளை வேண்டுமா என்பவை தனித்தனியாகத் தெரிய வேண்டும். பத்து நேர் வெட்டுக்குப் போதுமான கருவி, ஒரே ஒரு வளைவுக்கு உதவாமல் போகலாம்.

கல்லை அறிதல்

வெட்டும் கருவிக்குக் கல்லின் கடினமும் அதன் உராய்வுத் தன்மையும் இரண்டு வேறு விஷயங்கள். கிரானைட் கடினமானது; பிளேடு அதில் மெதுவாகவே இறங்கும். மணற்கல் எளிதில் வெட்டுப்படும், ஆனால் அதிலுள்ள குவார்ட்ஸ் மணல் பிளேடை அரம் போல் தேய்த்துவிடும். சுண்ணாம்புக்கல்லும் பளிங்கும் இவற்றைவிடச் சாதுவானவை. ஸ்லேட் அடுக்கடுக்காக அமைந்த கல் என்பதால் விளிம்பில் அடுக்கு பெயரும். கான்கிரீட் பலகையில் ஜல்லியும் சிமென்ட் கலவையும் மாறி மாறி வருவதால் பிளேடின் ஓசையே மாறிக்கொண்டிருக்கும். பொதுவாக 20 மி.மீ. தடிமனில் வரும் வெளித்தரைப் போர்சலின் (உயர் சூட்டில் சுட்ட களிமண்) பலகைகள்தாம் வீட்டில் வெட்டுபவரின் பொறுமையை அதிகம் சோதிப்பவை. அவை மிகக் கடினமானவை, விளிம்பில் சில்லுச் சில்லாகத் தெறிப்பவை.

இயற்கைக் கல்லின் தடிமன் ஒரே கட்டில் கூடக் கல்லுக்குக் கல் மாறும். ஆகவே ஒரு கல்லை அளந்து முடிவு செய்யாமல், இருப்பதில் தடித்த கல்லைத் தேடி அதன் தடித்த ஓரத்தை அளந்து, அதற்கு மேல் 5 மி.மீ. சேர்த்து, அந்த ஆழத்துக்கு இறங்கும் கருவியையே தேடுங்கள்.

வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு கல்லையும் விளிம்பில் நிற்கவைத்து, சுத்தியலின் மரக் கைப்பிடியால் மெல்லத் தட்டிப் பாருங்கள். நல்ல கல் கணீரென்று ஒலிக்கும். உள்ளே கீறல் உள்ள கல் மந்தமாக, அடைத்த குரலில் ஒலிக்கும். அப்படிப்பட்ட கல்லை எந்த உயர்ந்த இயந்திரத்தால் வெட்டினாலும் அது தன் கீறல் வழியேதான் பிளக்கும். அதைச் சிறு துண்டுகள் தேவைப்படும் இடத்துக்கு ஒதுக்கிவிடலாம்.

உளியும் சுத்தியலும்

ஐந்தாறு நேர் வெட்டுகள் மட்டும் தேவைப்பட்டு, கல்லும் கான்கிரீட் பலகையாகவோ மணற்கல்லாகவோ இருந்தால், அகன்ற வாயுள்ள கல் உளியும் ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான எடையுள்ள சுத்தியலுமே போதும். கல்லின் இரு முகங்களிலும் இரு ஓரங்களிலுமாகச் சுற்றிக் கோடு போட்டு, மணல் பரப்பிய சமதளத்தில் வைத்து, கோட்டின் மேல் உளியை நகர்த்தி நகர்த்தி மெல்லத் தட்டி 2 முதல் 3 மி.மீ. ஆழக் காடி எடுக்க வேண்டும். திருப்பிப் போட்டு அதையே மறுமுகத்திலும் செய்த பிறகு, அடியின் பலத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டினால் கல் கோட்டின் வழியே பிளக்கும். அவசரப்பட்டு ஓங்கி அடித்தால் கல் தன் இஷ்டத்துக்கு உடையும். வெட்டு விளிம்பு கரடுமுரடாகவே இருக்கும். கையால் கொத்திய கல்லோடு அது பொருந்தும், வழுவழுப்பான கல்லோடு பொருந்தாது. போர்சலினுக்கு இந்த முறை வேண்டவே வேண்டாம்.

தூசி மிகக் குறைவாக எழும் முறை இதுதான் என்பதால், இயந்திரம் வைத்திருப்பவர்கள்கூட இதைக் கற்றுவைத்திருப்பது நல்லது. ஆனாலும் சில்லு தெறிக்கும். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

ஆங்கிள் கிரைண்டர்: அளவே முதல் கேள்வி

வீட்டு வேலைக்குப் பெரும்பாலோர் வந்து சேரும் கருவி, கையில் பிடித்து வட்டப் பிளேடைச் சுழற்றி வெட்டும் ஆங்கிள் கிரைண்டர்தான். பிளேடின் விட்டத்தை வைத்து 100, 115, 125, 180, 230 மி.மீ. என்று இது வகைப்படுகிறது. பலர் விட்டத்தில் பாதி அளவு ஆழம் வெட்டும் என்று கணக்குப் போடுகிறார்கள். 115 மி.மீ. பிளேடின் ஆரம் 57 மி.மீ. என்றாலும், நடுவில் பிளேடைப் பிடிக்கும் தட்டும் கியர் பெட்டியும் இடத்தை எடுத்துக்கொள்வதால், கல்லுக்குள் இறங்குவது ஏறக்குறைய 25 முதல் 30 மி.மீ. மட்டுமே. 125 மி.மீ. பிளேடில் இன்னும் சில மி.மீ. கிடைக்கும். 230 மி.மீ. பிளேடு சுமார் 65 மி.மீ. வரை இறங்கும்.

அப்படியானால் பெரியதையே வாங்கிவிடலாமே என்று தோன்றும். 230 மி.மீ. கிரைண்டர் பெரும்பாலும் 5 கிலோ அளவில் இருக்கும். 2,000 வாட்டுக்கு மேல் மின்சாரம் எடுக்கும். பிளேடு கல்லில் சிக்கினால் பழக்கமில்லாதவரின் கையிலிருந்து உதறிக்கொண்டு வரும் வலு அதற்கு உண்டு. கல்லின் தடிமன் 25 மி.மீ.க்குள் இருந்தால் 125 மி.மீ. கிரைண்டரையே நான் பரிந்துரைப்பேன். சுமார் 2 கிலோ எடையுள்ள அதை நெடுநேரம் கை நடுங்காமல் பிடிக்கலாம், வளைவுக்கும் அது இணங்கும். 30 மி.மீ. கல்லுக்குக்கூட மேலிருந்து ஒரு பங்கும் கீழிருந்து ஒரு பங்கும் வெட்டிச் சமாளிக்கலாம். குறியிடுதல் மட்டும் துல்லியமாக இருக்க வேண்டும். 40 மி.மீ.க்கு மேல் சென்றால்தான் பெரிய கிரைண்டர் தவிர்க்க முடியாததாகிறது.

சிறிய கிரைண்டரின் காப்பு மூடியைக் கழற்றிவிட்டுப் பெரிய பிளேடை மாட்டும் வழக்கம் பல இடங்களில் உள்ளது. அதில் உள்ள ஆபத்தைக் கணக்கே சொல்லிவிடும். இந்தப் பிளேடுகள் பெரும்பாலும் விளிம்பில் நொடிக்கு 80 மீட்டர் வேகம் வரை தாங்கும்படி செய்யப்படுகின்றன. 230 மி.மீ. கிரைண்டர் நிமிடத்துக்கு 6,600 சுற்று சுற்றும்போது விளிம்பு வேகம் அந்த எல்லைக்குள்ளேயே நிற்கிறது. அதே பிளேடை 11,000 சுற்று சுற்றும் சிறிய கிரைண்டரில் மாட்டினால் வேகம் 130 மீட்டரைத் தாண்டிவிடும். பிளேடு சிதறினால் தடுத்து நிறுத்த மூடியும் இல்லை. மூடி இல்லாத கிரைண்டரைக் கையில் எடுக்காதீர்கள். மரம் அறுக்கும் பல் பிளேடை அதில் ஒருபோதும் மாட்டாதீர்கள்.

வாங்கும்போது வாட்டைவிடச் சுவிட்சைப் பாருங்கள். கையை எடுத்தவுடன் நின்றுவிடும் அழுத்துச் சுவிட்ச், தள்ளிப் பூட்டும் சுவிட்சைவிடப் பாதுகாப்பானது. மின்சாரம் போய்த் திரும்பும்போது தானாகச் சுற்றத் தொடங்காத அமைப்பும், மெதுவாக வேகமெடுக்கும் தொடக்கமும் இருந்தால் மேலும் நல்லது. பேட்டரி கிரைண்டர் சில வெட்டுகளுக்குப் போதும். தடித்த கல்லில் அதன் பேட்டரி வேகமாகத் தீர்ந்துவிடும்.

மார்பிள் கட்டரும் மேசை ரம்பமும்

வெட்டுகள் எல்லாம் நேராக இருந்து, கல்லும் 30 மி.மீ.க்குள் இருந்தால், கிரைண்டரைவிட மார்பிள் கட்டர் பொருத்தமானது. பொதுவாக 110 அல்லது 125 மி.மீ. பிளேடு பூண்ட இந்தக் கருவிக்கு அடியில் தட்டையான பாதம் இருப்பதால், அது கல்லின் மேல் படிந்து ஓடும். ஆழத்தைக் குறிப்பிட்ட அளவில் நிறுத்தலாம். பல மாதிரிகளில் பாதத்தை 45 டிகிரி வரை சாய்த்து விளிம்பைச் சரிவாகவும் வெட்டலாம். ஒரு நேரான அலுமினியச் சட்டத்தைக் கல்லின் மேல் இறுக்கி, அதை ஒட்டியே கருவியை நகர்த்தினால் புதியவருக்கும் வெட்டு நூல் பிடித்தாற்போல் வரும். வளைவுக்கு மட்டும் இது ஒத்துவராது. இதன் பிளேடின் நடுத்துளை பெரும்பாலும் 20 மி.மீ.; 115 மி.மீ. முதல் மேலுள்ள கிரைண்டர் பிளேடுகளின் நடுத்துளை 22.23 மி.மீ. எனவே ஒன்றின் பிளேடை மற்றொன்றில் உரிய வளையம் இல்லாமல் மாட்டக் கூடாது.

தண்ணீர்த் தொட்டியுடன் கூடிய மேசை ரம்பம் சுத்தமான விளிம்பும் குறைந்த தூசியும் தரும். போர்சலின், கிரானைட் ஆகியவற்றில் இருபது முப்பது வெட்டுகள் இருந்தால் இதை விட்டு வேறு எதையும் நாட வேண்டியதில்லை. ஆனால் கல்லைத் தூக்கிவைத்துத் தள்ளுவது யார் என்று முன்கூட்டியே யோசியுங்கள். 600 மி.மீ. சதுரமும் 30 மி.மீ. தடிமனும் உள்ள கிரானைட் பலகை சுமார் 28 கிலோ எடை இருக்கும். அதைக் கோணாமல் பிளேடை நோக்கித் தள்ளுவது ஒருவரால் ஆகிற வேலை இல்லை. இப்படிப்பட்ட கற்களுக்கு, கல் அசையாமல் இருக்க பிளேடு தண்டவாளத்தில் நகர்ந்து வரும் வகையைத் தேட வேண்டும். அதன் அதிகபட்ச வெட்டு நீளம் உங்கள் கல்லின் மூலைவிட்டத்துக்குப் போதுமா என்பதையும் பாருங்கள்.

50 மி.மீ.க்கும் மேல் தடித்த கற்களுக்கு 300 அல்லது 350 மி.மீ. பிளேடுள்ள பெட்ரோல் கட்டர் உண்டு. முறையே சுமார் 100, 125 மி.மீ. ஆழம் வெட்டும். பத்துக் கிலோ எடையும், கார்பன் மோனாக்சைடு கலந்த புகையும், பிளேடின் மேல் நுனி கல்லில் பட்டால் முகத்தை நோக்கி எகிறும் குணமும் உள்ள இந்த இயந்திரத்தை முதன்முறையாக வெட்டுபவருக்கு நான் சொல்லமாட்டேன். அந்தத் தடிமனில் நாலைந்து கல் மட்டும் இருந்தால், விற்ற இடத்திலேயே வெட்டி வாங்கிக்கொள்வது மேல்.

பிளேடு: வேலையின் தரம் இங்கேதான் தீர்மானமாகிறது

நடுத்தரக் கிரைண்டரில் மாட்டிய நல்ல பிளேடு, விலையுயர்ந்த கிரைண்டரில் மாட்டிய மட்டமான பிளேடைவிட நன்றாக வெட்டும். சிலிகான் கார்பைடு கல் தட்டுகள் மலிவானவை. ஆனால் வெட்ட வெட்டத் தேய்ந்து விட்டம் சுருங்கும், ஆழம் குறையும், தூசியும் மிகுதி. அவற்றின் நடு வளையத்தில் காலாவதித் தேதி அச்சிடப்பட்டிருக்கும். அது கடந்த தட்டை மாட்டக் கூடாது. ஓரிரு வெட்டுக்கு மேல் வேலை இருந்தால், விளிம்பில் வைரத் துகள்கள் பதித்த டைமண்ட் பிளேடுக்கே செல்லுங்கள்.

டைமண்ட் பிளேடின் விளிம்பு மூன்று விதமாக வரும். இடைவெளி விட்டுப் பற்களாகப் பிரிந்த விளிம்பு வேகமாக வெட்டும், நன்றாகக் குளிரும், ஆனால் கல்லின் ஓரத்தைச் சற்றுப் பெயர்க்கும். கான்கிரீட்டுக்கும் மணற்கல்லுக்கும் இது சரி. தொடர் விளிம்பு மெதுவாக வெட்டினாலும் சில்லு பெயர்க்காது. போர்சலினுக்கும் பளிங்குக்கும் இதுவே, அதுவும் தண்ணீருடன். டர்போ எனப்படும் அலை விளிம்பு இரண்டுக்கும் நடுவில் நிற்பது. கிரானைட்டுக்குப் பெரும்பாலும் இதைத்தான் எடுக்கிறார்கள்.

விளிம்பைவிட முக்கியமானது, வைரத் துகள்களைப் பிடித்துவைத்திருக்கும் உலோகக் கலவை. வெட்டும்போது இந்த உலோகம் தேய்ந்து, மழுங்கிய துகள்கள் உதிர்ந்து, புதிய துகள்கள் வெளியே வர வேண்டும். கிரானைட் போன்ற கடினமான கல் உலோகத்தை அதிகம் தேய்க்காது. ஆகவே அதற்கு மென்மையான உலோகக் கலவை வேண்டும். மணற்கல் போன்ற உராய்வு மிகுந்த கல் வேகமாகத் தேய்த்துவிடும். அதற்குக் கடினமான கலவை வேண்டும். கடினக் கல்லுக்குக் கடினப் பிளேடு என்று எண்ணி வாங்குவோர் ஏமாறுவது இதனால்தான். உறையின் மேல் எந்தக் கல்லுக்கு என்று எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள்; ‘எல்லாவற்றுக்கும்’ என்று எழுதியிருப்பதை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

கிரானைட்டில் வெட்டிக்கொண்டிருக்கும்போது பிளேடு இறங்காமல் வெறுமனே கீச்சிட்டு, தீப்பொறி எழுப்பினால், துகள்கள் மழுங்கி மேலே உலோகம் மெருகேறிவிட்டது என்று பொருள். இயந்திரத்தை நிறுத்தி, மின் இணைப்பைப் பிடுங்கி, பிளேடு ஆறிய பிறகு விளிம்பை விரலால் தொட்டுப் பார்த்தால் கண்ணாடிபோல் வழுவழுவென்று இருக்கும். மணற்கல் துண்டிலோ உராய்வு மிகுந்த கான்கிரீட் கட்டியிலோ சில முறை ஆழமில்லாமல் வெட்டிவிட்டு மீண்டும் தொட்டால் சொரசொரப்பு திரும்பியிருப்பது விரலுக்கே தெரியும். பலர் குப்பையில் போடும் பிளேடு இப்படிப் பிழைத்துவிடும்.

உலர்ந்த வெட்டுக்குப் பற்கள் லேசரால் பற்றவைக்கப்பட்ட பிளேடை வாங்குவது நல்லது. வெள்ளிப் பற்றாசு வைத்தவை சூட்டில் பல் விடக்கூடும் என்பதால் தண்ணீர் வெட்டுக்கே உரியவை. பிளேடின் மேலுள்ள அம்புக்குறி இயந்திரம் சுழலும் திசையோடு பொருந்த வேண்டும்.

தூசி, தண்ணீர், மின்சாரம்

இந்த மூன்றையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். ஒன்றுக்குச் செய்யும் பரிகாரம் மற்றொன்றைக் கெடுக்கும். கல்லிலும் கான்கிரீட்டிலும் உள்ள சிலிக்கா, வெட்டும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்தூசியாகி நுரையீரலின் அடி வரை இறங்குகிறது. அது உண்டாக்கும் சிலிக்கோசிஸ் நோயைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. உலக சுகாதார அமைப்பைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை, தொழிலிடங்களில் சுவாசிக்கும் படிக சிலிக்காவை 1997-ல் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. படிக சிலிக்காவாகிய குவார்ட்ஸ் மணற்கல்லில் மிக அதிகம். கிரானைட்டில் அதைவிடக் குறைவு. தூய சுண்ணாம்புக்கல்லிலும் பளிங்கிலும் மிகக் குறைவு. நாலு வெட்டுதானே என்று துணியை மூக்கில் கட்டிக்கொள்வதில் பயன் இல்லை. என்95 அல்லது எஃப்எஃப்பி2 முகக்கவசம் குறைந்தபட்சத் தேவை. எஃப்எஃப்பி3 அதைவிடச் சிறந்தது. தாடி இருந்தால் கவசம் முகத்தோடு ஒட்டாது, இடுக்கு வழியே தூசி புகும்.

தூசியைப் பிறக்கும் இடத்திலேயே அடக்குவதுதான் முறை. அதற்குத் தண்ணீர் மிகச் சிறந்தது. பெட்ரோல் கட்டரில் நிமிடத்துக்கு அரை லிட்டராவது பிளேடின் மேல் ஓட வேண்டும். ஆனால் சாதாரண மின் கிரைண்டர் தண்ணீருக்கென்று செய்யப்பட்டதன்று; குழாயையோ பாட்டிலையோ பிடித்து அதன் மேல் ஊற்றினால் மோட்டாருக்குள் நீர் புகுந்து மின்சாரம் தாக்கும். தண்ணீர் இணைப்புடன் தயாரிக்கப்பட்ட கருவியையே தண்ணீருடன் பயன்படுத்துங்கள். மின்சாரம் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் இணைப்பில் இருக்க வேண்டும். இணைப்புகள் தரையிலிருந்து உயர்ந்து உலர்ந்த இடத்தில் இருக்க வேண்டும். கிரைண்டரில் உலர்வாகத்தான் வெட்ட வேண்டும் என்றால், பிளேடைச் சூழ்ந்த உறையும் நுண்தூசிக்கென்று வடிகட்டி பொருத்திய உறிஞ்சியும் தேவை. வீடு பெருக்கும் வாக்யூம் கிளீனர் அந்த நுண்தூசியைப் பின்வழியே அறைக்குள் திருப்பித் தள்ளிவிடும்.

திறந்தவெளியில், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று வெட்டுங்கள். படிந்த தூசியை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காமல் நனைத்து வாருங்கள். காதடைப்பானும் அவசியம், கல் வெட்டும் கிரைண்டரின் ஓசை 100 டெசிபலைத் தொடும். தளர்ந்த சட்டைக் கை, துண்டு, துப்பட்டா எதுவும் அருகில் வரக் கூடாது.

முதல் வெட்டு

கழிவுக் கல் ஒன்றில் தொடங்குங்கள். மூலைமட்டம் வைத்துக் கோடு இழுத்து, நல்ல முகத்தில் கோட்டின் மேல் ஒட்டுநாடா ஒட்டி, அதன் மேல் மறுபடி கோடு போட்டால் தூசியிலும் கோடு தெரியும், சில்லும் குறையும். கல்லின் இரண்டு பாதிகளும் தனித்தனியே தாங்கப்படும்படி மணல் மேலோ மரச்சட்டங்கள் மேலோ வையுங்கள். ஒரு பாதி தொங்கினால் கடைசி அங்குலத்தில் கல் முறியும், அல்லது வெட்டு மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும்.

முதல் ஓட்டத்தில் 3 மி.மீ. ஆழத்துக்கு மேல் போகாமல் கோட்டின் முழு நீளத்துக்கும் காடி எடுங்கள். இந்தக் காடி நேராக அமைந்துவிட்டால் அடுத்தடுத்த ஓட்டங்களில் பிளேடு அதன் வழியே தானே செல்லும். கருவியின் எடையே அழுத்தமாகப் போதும். அழுத்தி வெட்டினால் பிளேடு சூடேறி வளையும். அவ்வப்போது கல்லிலிருந்து வெளியே எடுத்துச் சில நொடிகள் காற்றில் ஓடவிடுங்கள். பிளேடு சுழலும் தளத்துக்கு நேரே உங்கள் உடலோ முகமோ இல்லாமல் சற்று விலகி நிற்பது எப்போதும் நினைவில் இருக்கட்டும். கல்லின் முடிவில், எதிர் விளிம்பிலிருந்து ஒரு சிறு வெட்டை முன்னதாகவே போட்டுவைத்தால் மூலை பெயராது.

வளைவு, உள்மூலை, துளை

வளைவுக்குச் சிறிய பிளேடு வேண்டும். கோட்டுக்கு வெளியே உள்ள கழிவுப் பகுதியில் விளிம்பிலிருந்து கோடு வரை நெருக்கமாகப் பல நேர் வெட்டுகள் போட்டு, விரல்போல் நிற்கும் கல் கீற்றுகளைத் தட்டி உடைத்துவிட்டு, மீதியைப் பிளேடின் விளிம்பால் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவலாம். வெட்டுக்குள் இருக்கும் பிளேடைத் திருகி வளைக்க முயன்றால் பல் தெறிக்கும்.

உள்மூலையில் இரண்டு வெட்டுகள் கூர்மையாகச் சந்தித்தால் அங்கிருந்துதான் பிற்பாடு கீறல் ஓடும். அந்த மூலையில் முதலில் 8 அல்லது 10 மி.மீ. டைமண்ட் துரப்பணத்தால் ஒரு துளை போட்டு, இரு வெட்டுகளையும் அந்தத் துளையில் முடியுங்கள். வட்டப் பிளேடு மேலே கோட்டைத் தொடும்போது அடியில் இன்னும் எட்டியிருக்காது. மிச்சத்தைக் கல்லைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கத்திலிருந்து முடிப்பதே வழி. குழாய்க்கான துளைக்கு உரிய விட்டமுள்ள டைமண்ட் கோர் பிட் (குழல் வடிவத் துளைமுனை) போதும். கிரைண்டரால் சதுரமாக வெட்டிச் சமாளிப்பதில் நேரமும் மிஞ்சாது, அழகும் வராது.

வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா

125 மி.மீ. கிரைண்டரும் மார்பிள் கட்டரும் வேறு வேலைகளுக்கும் உதவுவதால் அவற்றை வாங்கலாம். மேசை ரம்பத்தையும் பெரிய இயந்திரங்களையும் வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம். பழைய கிரைண்டர் வாங்குவதாக இருந்தால், காப்பு மூடி, பக்கக் கைப்பிடி, பிளேடு கழற்றும் சாவி மூன்றும் இருக்கின்றனவா என்று பார்த்து, மின் இணைப்பு இல்லாதபோது அச்சைப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் கண்டால் தாங்குருளை (பேரிங்) தேய்ந்திருக்கிறது, வெட்டும் ஆடும்.

வாடகை இயந்திரத்தை எடுக்கும் நாளுக்கு முன்பே எல்லாக் கற்களையும் அளந்து, குறியிட்டு, எண்ணிட்டு அடுக்கிவிடுங்கள். பல இடங்களில் பிளேடின் தேய்மானத்துக்குத் தனியாகக் கட்டணம் உண்டு என்பதால், எடுக்கும்போதே பற்களின் உயரத்தை அளந்து ரசீதில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. திருப்பிக் கொடுக்கும் முன் தொட்டியில் படிந்த கல் சேற்றை வாரி, சாக்கடையில் ஊற்றாமல் தெளியவிட்டு, கெட்டியானதைக் கட்டட இடிபாடுகளோடு சேர்த்துவிடுங்கள். வெட்டிய கற்களின் முகத்தையும் சேறு காயும் முன்பே கழுவிவிட வேண்டும், காய்ந்தால் அந்தக் கறை எளிதில் போகாது.